மாமனார் வீட்டு ஸ்ட்ரீமர்

செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில்தான் சத்தம் வரவில்லை.

வேல்ராஜ் மாமனார் வீட்டு டிவி மேசைக்குப் பின்னால் தலையைக் கொடுத்து, முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். கையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி வயர். எதிரே இரண்டு பெட்டிகள். சின்னது ஸ்ட்ரீமர், இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இழுத்து, தன் சக்திக்குத் தகுந்தபடி மெல்லமாகப் பாடுவது. பெரியது போன வாரம் கூரியரில் வந்திறங்கிய பவர் ஆம்ப்ளிபயர். சின்னது முணுமுணுப்பதைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோவது. இரண்டையும் வயரால் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. இணைத்தும் விட்டான். ஆனால் சின்னது முணுமுணுக்கவே இல்லை.

"என்ன மாப்ள, ஆச்சா?" என்று முன்வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

மாமனார் உச்சிமாகாளி போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் யாரையும் அடித்ததாக அவன் கேள்விப்பட்டதில்லை. சும்மா பார்ப்பாராம். பார்த்துக்கொண்டே இருப்பாராம். எதிரில் நிற்பவன் செய்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு, செய்யாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிடுவானாம்.

"ஆயிட்டு மாமா. சின்ன வேலைதான் பாக்கி."

இந்த மாதிரி வேலையெல்லாம் மாப்பிள்ளைக்கு அத்துப்படி என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. திருநெல்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போடுகிறவன் வேல்ராஜ். நாள் முழுக்கக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கரண்டில் ஓடுகிற எதுவும் தெரியாமல் இருக்காது என்பது மாமியாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றப் போய், போன பொங்கலுக்கு வாட்டர் ஹீட்டரைக் கழற்றினான். அது இன்றுவரை சூடாகவில்லை. அதற்கு முன்னால் மிக்ஸி. ஹீட்டர் போன அன்றைக்கே அவன் மனைவி அனுசியா சொல்லிவிட்டாள்.

"இனிமே எங்கப்பா வீட்ல ஸ்க்ரூடிரைவரத் தொட்டீங்கன்னா, திரும்பிப் போகையில நீங்க மட்டுந்தான் பஸ் ஏறணும்."

இந்த ஸ்ட்ரீமரோ அவளே அப்பாவுக்காகத் தேடித் தேடி வாங்கியது. அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் மடியில் வைத்தாள். அதனால் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது என்ற முடிவோடுதான் சனிக்கிழமை காலையில் இலஞ்சிக்கு வந்திறங்கினான். வாசலிலேயே மாமனார் தோளில் கையைப் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவன் தோளைத் தொட்டதே இல்லை.

"மாப்ள, இந்த ரெண்டையும் நீங்கதான் மாட்டித் தரணும். வேற ஆளக் கிட்டவே விடமாட்டேன்."

அந்தக் கை கனமாக இருந்தது. மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

இப்போது அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேல்ராஜ் செல்போனில் வால்யூமை முழுக்க ஏற்றினான். ஒன்றுமில்லை. வயர் சரியாக உட்காரவில்லையோ என்று, சுவிட்சை அணைக்க மறந்து, சிவப்பு வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினான்.

ஸ்பீக்கர் இரண்டும் 'டம்' என்று அதிர்ந்தன. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு 'ம்ம்ம்' என்று, வீட்டுக்குள் ஒரு பெரிய வண்டு புகுந்தது போல ஓயாத இரைச்சல்.

"என்னங்க சத்தம் அது?" அனுசியா மாடியிலிருந்து கேட்டாள்.

"பவர் ஆம்ப்ளிபயர்லா அனு. அப்படித்தான் தொடங்கும்."

வராந்தாவில் மாமனார் தொண்டையைச் செருமினார். ஆனால் எழுந்து வரவில்லை. எழுந்து வந்து கத்தியிருந்தால்கூட வேல்ராஜ் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

ஆம்ப்ளிபயரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பழையபடி ஆக்கிவிடுவோம் என்று அதை அணைத்தான். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, முன்பு இருந்தது போல நேராக ஸ்ட்ரீமரிலேயே மாட்டினான். ஸ்ட்ரீமரின் பச்சை விளக்கு எரிந்தது. செல்போனில் பாட்டு ஓடியது. சத்தம் மட்டும் இல்லை. குனிந்து பெட்டியின் பின்பக்கம் மூக்கை வைத்தான்.

கருகிய வாடை அடித்தது.

சாரல் காற்று ஜன்னல் வழியாக வந்து முதுகில் பட்டும் வேர்த்தது. முதலில் இந்த வாடை போக வேண்டும். பூசை அலமாரியில் சாம்பிராணி இருந்தது. ஒன்றுக்கு மூன்றாகக் கொளுத்தி மேசையைச் சுற்றி வைத்தான்.

புகையைப் பார்த்துவிட்டு மாமியார் முத்துச்செல்வி ஓடி வந்தாள். "என்ன மாப்ள, இன்னைக்கு என்ன விசேசம்?"

"புதுச் சாமான்லா அத்தை. ஒரு பூசை போட்டுட்டுத் தொடங்குனா நல்லதுன்னு பாத்தேன்."

மாமியாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இவ்வளவு பக்தி இருப்பது அவளுக்குத் தெரியாது. ஆம்ப்ளிபயருக்குக் குங்குமம் வைத்தாள். பிச்சிப்பூச் சரத்தை அதன் தலையில் சுற்றினாள். அதோடு நிற்காமல், "ஏட்டி அனு, கீழ வா. ஏங்க, நீங்களும் வாங்க. மாப்ள மொதப் பாட்டு போடப் போறாரு" என்று கூப்பிட்டுவிட்டாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வராந்தாவில் நாற்காலி நகர்ந்தது. வேல்ராஜ் யோசிக்கவில்லை. தன் செல்போனிலேயே பாட்டைச் சத்தமாக வைத்து, அதை ஸ்பீக்கருக்குப் பின்னால் செருகிவிட்டு எழுந்து நின்றான்.

உச்சிமாகாளி வந்து சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு கீச்சென்று வந்தது.

"இவ்வளவு பெரிய பெட்டிக்கு இதுதான் சத்தமா?" என்றாள் அனுசியா.

"புது மெஷின். கொஞ்சங் கொஞ்சமாத்தான் தொண்டை தொறக்கும்."

"சரி, அப்பாவ வச்சு ஒரு போட்டோ எடுங்க. உங்க போன்லதான் நல்லா விழும். எங்க உங்க போனு?"

"இங்கனதான் எங்கயாவது கிடக்கும்."

அவன் தடுப்பதற்குள் அனுசியா தன் போனிலிருந்து அவனை அழைத்துவிட்டாள். பாட்டு நின்றது. ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து ரிங்டோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

மாமனார் கண்ணைத் திறந்தார்.

"இப்பல்லாம்..." என்று இழுத்தான் வேல்ராஜ். "இப்பல்லாம் நமக்குப் போன் வந்தா ஸ்ட்ரீமர்லயே அடிக்கும் மாமா."

உச்சிமாகாளி அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஹீட்டர், மிக்ஸி, சாம்பிராணி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு அவர் காலில் விழலாமா என்று வேல்ராஜுக்குத் தோன்றியது.

"அப்படியா" என்றார் அவர் கடைசியில். "நல்ல வசதிதான்."

அனுசியா நம்பவில்லை. ஸ்பீக்கரை நோக்கி நடந்தாள்.

"ஏட்டி, தொடாத" என்றார் உச்சிமாகாளி. "மாப்ள கை வச்ச இடத்துல வேற யாரும் கை வைக்கக் கூடாது."

குற்றம் நடந்த இடத்தில் தடயம் கலையாமல் பார்த்துக்கொள்கிற பேச்சல்லவா இது என்று வேல்ராஜுக்குப் பட்டது. மனுஷனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முழுசாக மாட்டட்டும் என்று காத்திருக்கிறார்.

எல்லோரும் கலைந்ததும் செல்போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். ஸ்ட்ரீமரைக் கழற்றித் துண்டில் சுருட்டிப் பைக்குள் வைத்தான். அது இருந்த இடத்தைப் பிச்சிப்பூச் சரத்தை இழுத்து மறைத்தான். வராந்தாவுக்கு வந்து, "அருவியில ஒரு குளி குளிச்சிட்டு வந்துருதேன் மாமா" என்றான்.

"சாரல்ல எண்ணெய் தேய்க்காமப் போவாங்களா?" என்று மாமியார் கிண்ணத்தோடு வந்து, அவனைப் பிடித்து உட்காரவைத்து, உச்சந்தலையில் கவிழ்த்தாள். எண்ணெய் புருவம் வரை இறங்கியது. துடைக்கக்கூட முடியவில்லை, துண்டு பைக்குள் ஸ்ட்ரீமரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

உச்சிமாகாளியின் பார்வை பையில் விழுந்தது. "உள்ள என்ன மாப்ள?"

"துண்டு மாமா. அப்புறம், சோப்பு டப்பா."

பையின் வாயிலிருந்து ஒரு கறுப்பு வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மாமனார் குனிந்தார். வயரைத் தன் கையாலேயே சுருட்டி உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடினார்.

"சோப்பு டப்பா நனையாமப் பாத்துக்கிடுங்க" என்றார். "அவசரமில்ல, மெல்ல வாங்க."

வேல்ராஜ் தெருவுக்கு வந்தான். குற்றாலம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, தென்காசி போகிற ஆட்டோவில் ஏறினான். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த ஒவ்வொரு புல்லட்டும் மாமனாருடைய புல்லட்டாகத் தெரிந்தது. சாரல் முகத்தில் அடித்து, எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. பார்க்கிறவர்களுக்கு அவன் அழுதுகொண்டு போவது போலத்தான் இருந்திருக்கும். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

தென்காசி பஜாரில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிற நாசரின் கடை திறந்திருந்தது. வேல்ராஜ் பையை மேசைமேல் வைத்துத் துண்டை விரித்தான். நாசர் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவன் தலையைப் பார்த்தார்.

"எங்கன இருந்து வாரீய?"

"இலஞ்சி. இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி வீட்டு மருமவன்."

நாசர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. அவர் எதுவும் கேட்கும் முன்பே வேல்ராஜ் சிவப்பு வயரிலிருந்து சோப்பு டப்பா வரைக்கும் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துருங்க பாய். எங்க மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் அந்த வாசல மிதிக்க முடியாது."

நாசர் பெட்டியை மெல்ல அவன் பக்கமாகவே திரும்பத் தள்ளினார்.

"போன வாரம் உங்க மாமாவே இத ஆம்ப்ளிபயர்ல மாத்தி மாட்டிப் புகைச்சிட்டு இங்கன கொண்டாந்தாவ அண்ணாச்சி, இனித் தேறாதுன்னு நான் சொன்னதும், 'சரி, அப்படியே மூடிக் குடு, சனிக்கிழம மாப்ள வாராரு, எம் மவளுக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னு வாங்கிட்டுப் போனாவ."