பூட்டுக்காரர் வளர்த்த குட்டை மரம்

பூட்டுக்காரர் திறக்காத பூட்டு ஊரில் கிடையாது. வீட்டில் மட்டும் அவருக்கு வாய்ப்பூட்டு. அந்தப் பூட்டையும் உடைத்துக்கொண்டு ஒருநாள் சபதம் போட்டார். நர்சரியிலிருந்து ஒரு ஊசியிலை மரத்தைத் தொட்டியோடு தூக்கிவந்து வாசலில் வைத்த கையோடு.

"குட்டை ரகம். தோள் உயரத்தோட நின்னுடும். வருஷம் முழுக்கப் பச்சை. நானே வளர்க்கிறேன், நீ கிட்டயே வராதே!"

"ரோஜாவையும் நீங்கதான் வளர்த்தீங்க," என்றாள் மனைவி. "இதுவும் போச்சுன்னா?"

"ஆயுசுக்கும் நான் பாத்திரம் தேய்க்கிறேன்!"

"சரி. ஜோடியா வாங்கியிருக்கலாமே? வாசல்ல அந்தப் பக்கம் மொட்டையா இருக்கு."

"ஒண்ணு போதும்!"

குளிர் வந்தது. மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகி, துருப்பிடித்த பூட்டுபோல நின்றது. எண்ணெய் போட்டுச் சரிசெய்ய இது பூட்டா? மரம் செத்துவிட்டது என்றே பூட்டுக்காரர் முடிவுகட்டினார்.

"என்னங்க, நிறம் ஒரு மாதிரி இருக்கே?"

"அது ரகமே அப்படித்தான். குளிருக்கு நிறம் மாறும்," என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார்.

அடுத்த மதியம் மனைவி தங்கை வீட்டுக்குப் போனாள். பூட்டுக்காரர் மரத்தைக் கொல்லைக்கு இழுத்தார்; தொட்டியின் விளிம்பு உடைந்தது. சாக்கைப் போட்டு மூடினார். நர்சரிக்கு ஓடினார். குளிர் புகாத கண்ணாடிக் கூடத்தில் பச்சைப்பசேலென்று அதே உயரத்தில் இன்னொன்று. நர்சரிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேச நேரமில்ல, குடுங்க!"

மனைவி திரும்பிவந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அன்று இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டார்.

சில நாளிலேயே குளிர் போய் வெயில் வந்தது. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மரம். இரண்டும் பச்சை. ஒரு தொட்டியில், அன்று இழுத்தபோது அவர் உடைத்த விளிம்பு.

"இது... செத்துப்போச்சே!"

"யாரு சொன்னா? குளிருக்கு நிறம் மாறும்னு நீங்கதானே சொன்னீங்க. நான் நம்பி, தினமும் நீங்க கடைக்குப் போனதும் சாக்கை எடுத்துட்டுத் தண்ணி ஊத்தினேன். உங்க பேச்சை நீங்கதான் நம்பல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா புதுசைத் திருப்பிக் குடுத்திருப்பீங்க."

கோபம் வரவேண்டிய இடத்தில் பூட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. தங்கையிடம்கூடச் சொல்லிச் சிரிக்காமல் மரத்தையும் அவர் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறாளே! இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்? இன்னிக்குப் பாத்திரம் நான் தேய்க்கிறேன்."

"தேய்ங்க. அடுத்த குளிருக்கும் இதே மாதிரி பயந்துக்கோங்க. கொல்லை வாசலும் மொட்டையாத்தான் இருக்கு."