லினக்ஸில் பெருத்த மயில்

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புரியாவிட்டாலும் தலையை ஆட்டிவிடுவோம். இன்னொரு தடவை கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சிரமமாம். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ்ஸில் கண்டக்டர் "உத்திரமேரூரா?" என்றால்கூட ஆட்டிவிடுவேன். (ரெண்டு தடவை போயிட்டும் வந்திருக்கேன்.)

படிப்பு அஞ்சாங்கிளாஸோடு சரி. ஆனாலும் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். எங்கள் வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. புடவைக் கரையில் வரும் மயில், யாளி, மாங்காய்க்கெல்லாம் புள்ளி வைப்பது என் வேலை. முன்பு கட்டம் போட்ட தாளில் வைத்தேன். பிறகு மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தான். அதிலும் கட்டம்தான். கட்டம் கறுப்பாக இருந்தால் அந்த இடத்தில் ஜரிகை தெரியும், வெள்ளையாக இருந்தால் தெரியாது. வரைந்ததைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால், தறிக்கு மேலே இருக்கும் பெட்டி அதைப் படித்து நூலைத் தூக்கிவிடும்.

போன வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் நடக்க முடியாமல் நடந்தது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, கோலம் போட்டு, காபி குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண் திறக்கும். மருமகள் செல்வி பார்த்தாள்.

"அத்தை, இதுல இருக்கிற விண்டோஸ் பழசு. புதுசு போட்டா இந்த மெஷின் தாங்காது. லினக்ஸ் போட்டுடறேன்."

"என் மயிலெல்லாம் போயிடுமா?"

"ஒண்ணும் போவாது. எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டுத்தான் போடுவேன்."

சொன்ன மாதிரியே ஒன்றும் போகவில்லை. ஆனால் நான் வெளியூர் போயிருந்தபோது யாரோ என் சமையல்கட்டை மாற்றி அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது. எந்த டப்பாவில் என்றுதான் தெரியவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் செல்வி பக்கத்தில் நின்றபடி காட்டிக் கொடுத்தாள்.

"இதோ, இது பென்சில். இத்த எடுத்துத்தான் வரையணும். பக்கத்துல பிரஷ் இருக்குது பாருங்க, அத்தத் தொடக்கூடாது. சரியா?"

இரண்டும் திரையில் எறும்பு அளவுக்கு இருந்தன. என் கண்ணாடி பூஜை அலமாரியில் இருந்தது. எழுந்து போனால் இவளுக்கு பஸ் போய்விடும். ஆட்டினேன்.

அந்த வாரம் வரைய வேண்டியிருந்தது சாதாரண மயில் இல்லை. முசரவாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் ருக்குமணியின் மகள் தேவிக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எங்கள் தறியில். ருக்குமணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கம்மா புடவையில இருந்திச்சே, அதே மாதிரி ஒல்லி மயில் வேணும் அண்ணி. கழுத்து மெலிசா வளைஞ்சு." தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் சரியாக ஒரு புடவைக்குத்தான் காணும். வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க நூலும் இல்லை, நாளும் இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எது பென்சில், எது பிரஷ்? சாயங்காலம் செல்வி வந்ததும் கேட்டிருக்கலாம். காலையில் அப்படி ஆட்டிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினேன்.

அடடா, என்ன வழவழப்பு. விண்டோஸில் என் மயில் கழுத்து படிக்கட்டு மாதிரி இருக்கும். இதில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. லினக்ஸ் என்றால் லினக்ஸ்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்போதும் படத்தைப் பெரிசாக்கி ஒவ்வொரு கட்டமாக எண்ணுவேன். அன்றைக்கு அந்த அழகிலேயே மயங்கி எண்ணாமல் பென்டிரைவில் போட்டேன்.

எங்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்து விழும். அடியில் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்தால்தான் மயில் தெரியும். என் வீட்டுக்காரர் பிடித்துப் பார்க்கவில்லை. நான் வைத்த புள்ளி தப்பாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு முழம் நெய்துவிட்டார்.

அப்போதுதான் ருக்குமணி பூவும் பழமுமாகப் புடவை பார்க்க வந்தாள். கண்ணாடியை வாங்கி, குனிந்து, அடியில் நீட்டினாள். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"அண்ணே, கரையில இன்னா போட்டுக்கினு இருக்கற?"

"மயிலு."

"எங்கம்மா புடவையில இருந்தது மயிலு. இது முட்டைக்கு உக்காந்த கோழி."

அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் செல்வி வந்து படத்தைப் பெரிசாக்கினாள். மயிலைச் சுற்றிலும் சாம்பல் பூத்திருந்தது. நான் எடுத்தது பிரஷ். வழவழப்புக்காக அது ஓரமெல்லாம் சாம்பல் பூசுமாம். தறிப் பெட்டிக்குத் தெரிந்தது கறுப்பு, வெள்ளை இரண்டுதான். சாம்பலையும் கறுப்போடு சேர்த்துக்கொண்டு, சுற்றிலும் ஜரிகையை ஏற்றிவிட்டது. கழுத்தும் வயிறும் ஒன்றாகிவிட்டன.

"லினக்ஸ் மேல தப்பில்ல அத்தை," என்றாள் செல்வி. (அதான் தெரியுதே, தப்பு யார் மேலன்னு.)

ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா புடவை கிழிந்துபோய் வருஷக்கணக்காகிறது. அந்த மயிலை மகள் இடுப்பில் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளாக நாத்தனார் எதிரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை நான். அன்றைக்குப் பேசினேன்.

"ருக்கு, நெய்ஞ்சது உள்முனைதான். ஒரு முழமும் இடுப்புல சொருகறதுல போயிடும். வெளிய ஒரு மயிலும் தெரியாது. இனிமே வர்றது அத்தனையும் உங்கம்மா மயிலு. நான் போட்டுத் தர்றேன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் புடவையைக் கையால் அளந்துவிட்டு, "போயிடும்," என்றார்.

"செல்வி," என்றேன், "அந்தப் பென்சிலு எதுன்னு இன்னொரு தபா காட்டு." காட்டினாள். திரும்பவும் காட்டச் சொன்னேன். நாலாவது தடவை அவளே ஒரு தாளில் படம் வரைந்து திரையோரம் ஒட்டிவிட்டாள்.

முகூர்த்தத்தில் தேவி வந்து உட்கார்ந்தபோது கரை முழுக்க ஒல்லி மயில். ருக்குமணி மணமேடையைப் பார்க்காமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குண்டு மயில்கள் சொருகிக் கிடப்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். புடவை கட்டிவிட்ட பெண்கள் அதற்குள் லினக்ஸ் கதையைச் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாருக்கு உடம்பு போட்டாலும் "லினக்ஸ் ஆயிட்டியே" என்றுதான் விசாரிப்பு. ஜாக்கெட் இறுக்கமாகிவிட்டால், "லினக்ஸுக்குத் தெச்சுக்குடுங்க" என்று தையல்காரரிடமே சொல்கிறார்கள்.

போன மாதம் தேவிக்கு வளைகாப்பு. அதே முகூர்த்தப் புடவை. கட்டிவிடும்போது ருக்குமணி உள்முனையைப் பிடித்து நிறுத்தினாள். குண்டு மயிலை மகளின் வயிற்றோரம் வைத்து, தள்ளி நின்று பார்த்தாள்.

"அண்ணி, இங்க வந்து பாருங்க," என்றாள். "இப்பத்தான் அளவு சரியா இருக்குது."