குட்டிகள் வேண்டுவோர் உடனே வரவும்

"ரெண்டே ரெண்டு நாளைக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே எசென்பெக் அட்டைப் பெட்டியைச் சமையலறைத் தரையில் சாய்த்தான். ஆறு நாய்க்குட்டிகள் ஆறு திக்கில் உருண்டு ஓடின.

முழங்கை வரை மாவோடு அவன் மனைவி ஜிபார் நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை."

"சாயங்காலம் நாலு மணிக்கு யாரு வராங்க?"

எசென்பெக் தொண்டையைச் செருமினான். "தங்கச்சியப் பொண்ணு கேட்டு தலாஸ்லேர்ந்து வராங்க."

"அப்ப இதுங்க யாரு? வரவேற்புக் குழுவா?"

"கொட்டகைக் கூரை பனியில அப்படியே உக்காந்துடுச்சு ஜிபார். இந்தக் குளிர்ல விட்டா செத்துப் போயிடும். தாய்கன் சாதிக் குட்டிங்க! வேட்டை நாய் ஏழு செல்வத்துல ஒண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"அந்தப் பெரியவங்க அடுப்படியில வச்சு வளர்த்துக்கிட்டா அதச் சொன்னாங்க?"

வெள்ளைக் காது குட்டி ஒன்று முக்காலி மேல் ஏறி, அங்கிருந்து மாவுப் பாத்திரத்துக்குள் தொப்பென்று விழுந்தது. போர்சோக் பலகாரம் சுடுவதற்காக விடியற்காலையில் பிசைந்து பொங்க வைத்திருந்த மாவு. குட்டி அதில் நீச்சலடித்தது.

ஜிபார் நாரின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். நாற்பது பிள்ளைகளைப் பார்வையாலேயே உட்கார வைப்பவள். அந்தப் பார்வையை இப்போது குட்டி மீது செலுத்தினாள். குட்டி கொட்டாவி விட்டது.

மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. நாத்தனார் அய்கானிஷுக்கு வயது முப்பத்தொன்று. வந்த வரன் மூன்றையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவள். இந்த ஜானிஷை அவளேதான் பிடித்தாள். மலைக் கணவாயில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன்; கையில் அடிபட்டு, அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் போட வந்தவன். கட்டுப் பிரித்த பிறகும் வந்துகொண்டிருந்தான். அவன் அப்பாதான் கறார்ப் பேர்வழியாம். வாசல்படியிலேயே நின்று வீடு எப்படிப்பட்டதென்று மோப்பம் பிடித்துவிடுவாராம். அவரை இந்த வீட்டில் யாரும் நேரில் பார்த்ததில்லை. எல்லாமே ஜானிஷின் சித்தப்பா மூலம் போனில் பேசியதுதான்.

எட்டு வாரக் குட்டிகள் ஆறு. வீடு இப்போதே மணக்க ஆரம்பித்திருந்தது.

"அய்கானிஷ் ரூம்ல அடைச்சு வையுங்க. அவ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வேற வழி பாக்கலாம்."

வேறு வழி பார்ப்பதற்குள் அய்கானிஷ் குளித்துவிட்டு வந்துவிட்டாள். அவள் போட்ட அலறலில் தெருவில் போன குதிரை நின்றது.

கட்டிலில் இஸ்திரி போட்டு விரித்து வைத்திருந்த நீல வெல்வெட் கவுன் மேல் ஆறு குட்டிகளும் வட்டமாகப் படுத்திருந்தன. இரண்டு, கவுனின் கையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

"அண்ணி! இது ஒண்ணுதான் அண்ணி எனக்கு நல்லதா இருந்துச்சு!"

"அழாதடி, கண்ணு வீங்கிடும். ஆஸ்பத்திரியில உன் கூட வேல பாக்குறாளே, அவகிட்ட ஒண்ணு வாங்கிப் போட்டுக்க. அப்படியே தலையும் சீவிட்டு வந்துடு. ஓடு!"

அய்கானிஷ் ஈரத்தலையோடு ஓடினாள்.

"அதுங்களுக்குப் பசிம்மா," என்றாள் ஆறு வயது மகள் அல்தினாய். "வயிறு நிறைஞ்சா தூங்கிடும். நீதானே எனக்கு அப்படிச் சொல்லுவ?"

ஜிபாருக்கு அது நியாயமாகப் பட்டது. "போய் பால் ஊத்து," என்று சொல்லிவிட்டு, குட்டி நீச்சலடித்த மாவைக் கோழிக்குக் கொட்டிப் புது மாவு பிசைய உட்கார்ந்தாள்.

அல்தினாய் எதையும் அரைகுறையாகச் செய்கிற பிள்ளை இல்லை. பால் தண்ணீராக இருக்கிறதென்று, விருந்துக்கு வைத்திருந்த கிண்ணம் நிறைய பாலேட்டை எடுத்து வைத்தாள். குட்டிகள் கிண்ணத்தைக் கழுவி வைத்தாற்போல நக்கின. பிறகு சொன்னபடியே தூங்கப் போயின. எங்கே? விருந்தாளிகளுக்காக விரித்திருந்த புதுக் கம்பளத்தின் நட்டநடுவில். அரை மணி நேரம் கழித்து, அவ்வளவு ஏடும் வேலையைக் காட்டியது.

கம்பளத்தைப் பார்த்த எசென்பெக், "சின்னச் சின்னக் கறைதான். மேல மேசையப் போட்டா தெரியாது," என்றான்.

"ஆறு மேசை இருக்கா உங்ககிட்ட?"

எசென்பெக் கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"போங்க. உங்க அண்ணன் வீட்டுக் கம்பளத்த வாங்கிட்டு வாங்க. போற வழியில பாலேடு. போர்சோக்குக்கு எண்ணெய். அந்தத் தாய் நாயக் கட்டிப் போடுங்க, அது வேற ஜன்னல் வழியா எட்டிப் பாத்து ஊளையிடுது!"

"உச்சார் அம்மாவாச்சே, அதுக்கு மனசு கேக்குமா?"

"நானும் அம்மாதான். நான் ஊளையிட்டா யாரு கேக்குறா?"

அவன் போனதும் ஜிபார் ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றாள். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்தது. கம்பளம் முற்றத்து வேலியில் தொங்கிச் சொட்டியது. நடைபாதையில் ஆறு குட்டிகளும் ஆளுக்கொரு செருப்பு கடித்துக்கொண்டிருந்தன. அவள் போனை எடுத்தாள். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "தாய்கன் குட்டிகள் ஆறு. இலவசம். வேண்டுவோர் உடனே வரவும். உடனே." அனுப்பிவிட்டு, மூன்றாவதாக இன்னொரு "உடனே"யும் தனியாக அனுப்பினாள்.

எசென்பெக் தன் வேட்டை நண்பர்களுக்கென்று குட்டிகளைச் சொல்லி வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அதற்கு நாளைக்கு அழுதுகொள்ளட்டும்.

இரண்டரை மணிக்கு வாசல் கதவைத் தட்டினார்கள்.

ஒரு பெரியவரும் அவர் மனைவியும். வெள்ளைக் கல்பாக் தொப்பி, சேறு தெறித்த நீளமான பூட்ஸ். பின்னால் ஒரு பழைய ஜீப். அந்த அம்மாள் கையில் மடித்த வெள்ளைச் சால்வை.

"மருமகளே, நல்லாயிருக்கியா? கேள்விப்பட்டு வந்தோம்," என்று பெரியவர் நிதானமாக ஆரம்பித்தார். "உங்க வீட்ல..."

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் வாசலையே பாத்துட்டிருக்கேன்!"

பெரியவர் மனைவியைப் பார்த்தார். இருவர் முகமும் மலர்ந்தது.

"நல்ல வம்சம்னு சொன்னாங்க," என்றார் அந்த அம்மாள் மெதுவாக.

"வம்சத்துல ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா. அம்மாக்காரி இந்த ஜில்லாவுலயே வேகமா ஓடுறவ. ஒரு நிமிஷம் நில்லுங்க, எடுத்துட்டு வந்துடறேன்."

"எடுத்துட்டா?" என்று பெரியவர் கேட்டது காற்றோடு போயிற்று. ஜிபார் உள்ளே ஓடி, செருப்புகளிலிருந்து குட்டிகளைப் பிய்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, அந்த அம்மாள் கையில் வைத்தாள்.

"ஆறு இருக்கு. எண்ணிப் பாத்துக்குங்க."

அந்த அம்மாள் எண்ணவில்லை. வெள்ளைக் காது குட்டி அவர் முகவாயை நக்கியது.

"மருமகளே, நாங்க என்ன சொல்ல வந்தோம்னா..."

"ஒண்ணு போதும்னுதானே சொல்ல வறீங்க? பிரிக்காதீங்க ஐயா, பாவம். இன்னைக்கு எங்க வீட்ல பொண்ணு பாக்க வராங்க. பெரிய இடம். அந்த மாமனார் ரொம்பப் பொல்லாதவராம், எதப் பாத்தாலும் குத்தம் சொல்லுவாராம். இதுங்க இருந்தா காரியம் கெட்டுடும். துணியும் கொண்டாந்திருக்கீங்களே, நல்ல முன்யோசனை!" மடித்திருந்த வெள்ளைச் சால்வையை வாங்கி உதறிப் பெட்டி மேல் போர்த்தினாள். "பாலேடு மட்டும் குடுத்துடாதீங்க. உள்ள கூப்பிட்டு டீ குடுக்க முடியலன்னு தப்பா நெனைக்காதீங்க. போயிட்டு வாங்க!"

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். காலையிலிருந்து முதல் முறையாக வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே அவள் புது மாவை எண்ணெயில் போட்டாள்.

மூன்றரைக்கு எசென்பெக் கம்பளத்தோடு வந்தான். அய்கானிஷ் கடன் வாங்கிய பச்சைக் கவுனில் வந்தாள். அது இரண்டு சுற்றுப் பெரிது. ஆனாலும் அழகாக இருந்தாள். போர்சோக் பொன்னிறமாகக் குவிந்தது.

"குட்டிங்க எங்க?" என்றான் எசென்பெக்.

"நல்ல மனுஷங்க கைல குடுத்துட்டேன்."

"யாரு?"

"ரெண்டு பேரு. பேரு கேக்கல."

"பேரு கூடக் கேக்காம ஆறையும் தூக்கிக் குடுத்தியா? ரெண்டு வருஷமா நான் காத்திருந்த குட்டிங்க ஜிபார்!"

"சத்தம் போடாதீங்க, அவங்க வர்ற நேரம்."

நாலு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. ஐந்து ஆயிற்று. கறிக்கு மேல் கொழுப்பு உறைந்தது. ஜானிஷுக்குப் போன் போட்டார்கள். கணவாயில் சிக்னல் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 'குட்டி இன்னும் இருக்கா? நாளைக்கு வரலாமா?' என்று கேட்டிருந்தார். வேறு யாரும் பதிலே போடவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த உச்சார் மட்டும் வாசல் கதவில் மூக்கை வைத்துத் தெருமுனைப் பக்கம் பார்த்து விடாமல் குரைத்தது.

"வரமாட்டாங்க அண்ணி," என்றாள் அய்கானிஷ். கவுனின் தொளதொளக் கையை மடித்து மடித்து விட்டாள். "அவரு அப்பாவுக்கு இஷ்டமில்ல. எனக்கு வயசு ஜாஸ்தின்னு சொல்லியிருப்பாரு."

"சொல்லட்டும் பாக்கலாம்! நேர்ல வந்து சொல்லட்டும்! நாள் பூரா நான் பட்ட பாட்டுக்கு அந்த மனுஷன நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கல, நான்..."

ஐந்தரைக்கு எசென்பெக்கின் போன் அடித்தது. தெரியாத எண். அவன் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

முதலில் கேட்டது குட்டிகளின் கீச்சுக் குரல். ஒன்றல்ல, ஆறு.

ஜிபார் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

பிறகு, நிதானமான ஒரு பெரியவர் குரல் சொன்னது: "ஜானிஷ் அப்பா பேசறேன். ரோடு காலியா இருந்ததால சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டோம். மூணு மணி நேரமா உங்க தெருமுனையில ஜீப்புக்குள்ள உக்காந்து நானும் என் வீட்டுக்காரியும் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். நீங்களே சொல்லிடுங்க. பொண்ணு கேட்டு வந்தவங்க கைல ஆறு நாய்க்குட்டியக் குடுத்துக் கதவச் சாத்துனா, உங்க நாரின் வழக்கத்துல அதுக்குச் சம்மதம்னு அர்த்தமா, சம்மதமில்லன்னு அர்த்தமா?"