தாழ்ப்பாள் பற்றிய என் ஆய்வறிக்கை

ஆராய்ந்து கொடுப்போர் என்றொரு இனம் உண்டு. உண்டியலில் பத்து ரூபாய் போடுமுன்கூட அதனால் யாருக்கு எவ்வளவு பயன் என்று யோசித்து, யோசித்த களைப்பில் ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொண்டு பிரசாத வரிசைக்குப் போய்விடுகிறவர்கள். எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த இனத்தின் நாமக்கல் கிளை நான்தான்.

லாரி இன்சூரன்ஸ் ஏஜெண்டான என் கையில் போன ஆடியில் ஐயாயிரம் ரூபாய் மிச்சம் நின்றது. பணம் சின்னது, மாற்றம் பெரிதாக வரவேண்டும். ஊர்ப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை மைதிலியிடம், "என்ன வேணும், கேளுங்க டீச்சர்" என்றேன், மகாராஜா தோரணையில்.

"பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா இல்லைங்க சார். கூச்சப்பட்டுட்டு மத்தியானமே ஊட்டுக்குப் போயிருதுங்க. ஆறாவது ரஞ்சிதா ஒரு வாரமா வர்றதே இல்லைங்க."

தாழ்ப்பாளா? அதன் பக்கத்தில் நின்று எப்படிப் போட்டோ எடுப்பது?

"ஆழமா யோசிக்கோணுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தவன் சும்மா இருந்தேனா? வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினேன்; மூன்று பள்ளிகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன்; கதவையே மாற்றினால் பத்தாண்டில் எத்தனை மாணவியர் பயனடைவார்கள் என்று கணக்கிட்டேன்; நண்பர் சின்னண்ணன் ஸ்மார்ட் போர்டு என்றார், அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். இருபத்திரண்டு நாள்!

மறுநாள் அறிக்கையோடு போனால், கதவில் புதுத் தாழ்ப்பாள். சத்துணவு சமைக்கும் முத்தாயம்மாள் போன வாரமே சந்தையில் வாங்கி வந்து, வீட்டுக்காரரை விட்டு முடுக்கியிருந்தார். ரஞ்சிதா சாப்பாட்டு வரிசையில் நின்றாள். பதினைந்து நாள் பாடம் போனது போனதுதான்.

"இதுக்குத்தான் முதல்ல செலவு பண்ணோணும்னு எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

முத்தாயம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புள்ளைங்க கேட்டுச்சுங்க சாமி. போட்டேன்."

என் கையில் பதினெட்டுப் பக்கம். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இன்னும் என்ன வேணும்?" என்றேன் டீச்சரிடம். தொனியில் மகாராஜா இல்லை.

"பக்கெட்டும் மக்கும் வேணுங்க. தண்ணித் தொட்டிக்கு ஒரு மூடி."

அன்று மாலையே வாங்கிக் கொடுத்தேன். நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் முக்கால் மணி நேரம் பிடித்தது. இனப்புத்தி சட்டென்று போய்விடுமா?

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் யாரோ உங்களிடம் ஏதோ சின்னதாகக் கேட்டபோது, "பார்த்துச் சொல்றேன்" என்றீர்களே, அது எந்த மாதம்?