மூன்று பேர் நின்ற மனிதச் சங்கிலி

கொள்கை எனக்கு இருபத்து மூன்று வயதில் அம்மை மாதிரி வந்தது. (ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்கிறார்கள். தழும்பு மட்டும் இருக்கிறது.)

எண்ணூரில் எங்கள் சங்கத்துக்கு அப்போது ஒரே கோரிக்கைதான். அனல் மின் நிலையக் குழாயில் கசியும் நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தில் கலக்கக் கூடாது. தலைவி பிலோமினா அக்கா, மீன் வியாபாரி. யார் வந்தாலும் கூட்டத்தில் உட்கார வைத்துவிடுவார். இரண்டு கட்சிக் கரை வேட்டிகள், ஜெபமாலை அம்மாக்கள், அந்த மின் நிலையத்திலேயே ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது இயக்கமா, ஷேர் ஆட்டோவா அக்கா?"

"ஷேர் ஆட்டோதான்பா. ஆளு ஏறுனாதானே வண்டி போவும்?"

நான் விடவில்லை. அக்கா ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன வாரம் பார்த்து, உறுதிமொழிப் படிவம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். கட்சி உண்டா? கூட்டத்தில் ஜெபம் செய்வீர்களா? வீட்டில் யாராவது மின் நிலையச் சம்பளம் வாங்குகிறார்களா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மனிதச் சங்கிலியில் இடமில்லை.

பாலத்திலிருந்து ரேஷன் கடை வரை சங்கிலி என்று நோட்டீஸ். ஊரில் எதிர்ப்பு இருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுத ஓர் அதிகாரி வரவிருந்தார். இல்லை என்று எழுதிவிட்டால் குழாயை மாற்றவே மாட்டார்கள். அன்று வந்தவர்கள் மூன்று பேர்: நான், என் கல்லூரி நண்பன், படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவர். கையை எவ்வளவு நீட்டியும் டீக்கடையைத் தாண்டவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி அக்கறையாகக் கேட்டார், "தம்பி, யாரையாவது காணோமா? தேடுறீங்களா?"

காது வரை சுட்டது. கழிமுகமே என்னால் போயிற்று என்று அழுகை வந்துவிட்டது. அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்த அக்காவுக்கு போன் போட்டேன்.

"அவர டீ குடிக்க வை. பேசிகினே இரு," என்று வைத்துவிட்டார்.

அதிகாரி மூன்றாவது டீயில் இருந்தபோது வந்தார்கள். கரை வேட்டிகள், ஜெபமாலைகள், ஷிஃப்ட் முடிந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத ஒப்பந்தத் தொழிலாளர்கள். வரிசை ரேஷன் கடையையும் தாண்டிப் போனது. நானும் கை கோக்க ஓடினேன். அக்கா மறித்து, என் படிவத்தின் கடைசிக் கேள்வியை உரக்கப் படித்தார்.

"உன் மச்சான் எங்க வேல செய்றாரு?"

"அங்கதான்."

"நீ யார் வூட்ல துன்ற நைனா?"

"...மச்சான் வூட்ல."

சங்கிலி மொத்தமும் கை கோத்தபடியே குலுங்கிச் சிரித்தது.

குழாயை மாற்றினார்கள். சங்கம் இன்றும் நடக்கிறது. என் படிவத்தை நம்பியிருந்தால் அந்த டீக்கடையோடு முடிந்திருக்கும், இதை எந்த மேடையிலும் சொல்வேன். நான் கட்டிக்கொண்டதும் மின் நிலைய ஊழியர் மகளைத்தான். ஓய்வு பெற்ற மாமனார்தான் இப்போது சங்கச் செயலாளர். புதிதாக யார் சேர வந்தாலும் என் தோளில் கை போட்டுச் சொல்வார்:

"இவரு நம்ம மாப்ள. கொஞ்சம் கொள்கைக்காரரு. பரவால்ல, சேத்துக்கினோம்."