மோட்டாருக்குப் பொட்டு வைத்தவள்

உண்மையைச் சொன்னால் நல்லதே நடக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர்கள் யாரும் ஒரு வாரண்டி கார்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்திருந்தால், "படிவத்தில் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசி" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த வரி கிடைக்கவில்லை. அதனால்தான் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பகல் வேளையில், சென்னீர்குப்பம் நெடுஞ்சாலையே வேடிக்கை பார்க்க, காருக்குள் உட்கார்ந்த நிலையில் என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது கொரட்டூரில் இருந்தோம். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மகள் கவிதாவுக்கு மூன்று வயது. தூசியும் புகையும் பட்டால் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். "ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். (ஸ்கூட்டர் ஓட்டியவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.) பெட்ரோல் கார் எங்கள் சக்திக்கு மீறியது. அந்த நேரம் பார்த்து ஒரு புதுக் கம்பெனி, பேட்டரியில் ஓடும் சின்னக் கார் ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு பேர் உட்காரலாம், புகை கிடையாது, மோட்டாருக்கு ஒரு வருட வாரண்டி. ஸ்கூட்டரை விற்றுவிட்டு அதை வாங்கினோம். பார்ப்பதற்குப் பெரிய சோப்பு டப்பா மாதிரி இருக்கும். ஆனால் அதில் போனால் கவிதா இருமவில்லை. எனக்கு அது போதும். நானே ஓட்டவும் பழகிக்கொண்டேன்.

வாரண்டி முடிய ஒன்பது நாள் இருந்தபோது, கவிதாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், பாடிக்குப் பக்கத்தில் கார் ஒருமுறை உறுமியது. கருகல் வாடை வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் முதலில் கம்பெனிக்காரனைத் திட்டியிருப்பார்கள். எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. சந்தனம்!

விஷயம் இதுதான். ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டியின் முகப்பில் பொட்டு வைத்துவிட்டு சுண்டல் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் எதையும் முறையாகச் செய்கிறவள் (என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்). உழைப்பதோ மோட்டார், பொட்டு மட்டும் முகப்புக்கா? பின்பக்க மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, மோட்டாருக்கே சந்தனம் குங்குமம் வைத்தேன். அப்போது ஒரு சுண்டைக்காய் அளவு சந்தனம் காற்றுத் துளை வழியாக உள்ளே விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதமாகக் காரில் ஏறும்போதெல்லாம் சாமியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணவர் ஓசூரில் பயிற்சிக்குப் போயிருந்தார். கடை போனிலிருந்து கம்பெனிக்கு நானே பேசினேன்.

"வண்டியைக் கொண்டு வாங்க மேடம், பார்த்துடலாம்."

"வண்டி ஓடலைன்னுதானே சொல்றேன்?"

"கொண்டு வந்தாத்தான் மேடம் ஏன் ஓடலைன்னு சொல்ல முடியும்."

"ஓடாத வண்டியை எப்படிக் கொண்டு வர்றது?"

"அது கஸ்டமர் பொறுப்பு மேடம்."

இதே உரையாடலை நான்கு நாள், நான்கு பேரிடம் நடத்தினேன். ஐந்தாம் நாள் பஸ்ஸில் டாக்டரிடம் போய் வந்த கவிதா இரவெல்லாம் இழுத்தாள். காலையில் ஓசூருக்குப் போன் போட்டேன். "எப்படியாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு. மோட்டார் சும்மா கிடைச்சாத்தான் நமக்குக் கார். ஆனா ஒண்ணு, அங்க போய் நீ எதுவும் பேசாதே" என்றார் கணவர். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவர் மேலும் கோபம் வந்தது.

கவிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மீன் கூடை ஏற்றும் மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டும் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். அவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னாமா இது, பீரோவுக்குச் சக்கரம் வச்ச மாரி கீது? இன்ஜினு எங்க?"

"இன்ஜின் கிடையாது. மோட்டார்தான்."

"மோட்டாரா? கெணத்துல தண்ணி எறைக்கறதா? அதப் போயி ரோட்ல வுட்டா நிக்காம இன்னா பண்ணும்?"

கயிற்றைக் கட்டினார். அவர் வண்டி இழுக்க, பின்னால் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, பாடி, எஸ்டேட், வானகரம் என்று போனோம். வேலப்பன்சாவடியில் கல்லூரிப் பையன்கள் விசில் அடித்தார்கள். அவர் வண்டியில் இருந்த கூடைகளால் கார் முழுக்க மீன் வாடை. வழியெல்லாம் கம்பெனிக்காரனைக் கேட்க வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்தேன். நடுநடுவே சந்தனம் ஞாபகம் வந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கம்பெனி சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. சர்வீஸ் மேனேஜர் கழுத்தில் டை கட்டிய இளைஞர். எங்கள் காரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் செல்வம் பேட்டரிகளை இறக்கி, மோட்டாரைக் கழற்றித் திறந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இத பாருங்கக்கா. உள்ள கரண்ட் கடத்த நாலு கார்பன் பிரஷ் கீது. ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்பிரிங் அமுக்கிப் புடிக்கணும். இதோ இதுக்கு ஸ்பிரிங்கே மாட்டல. கம்பெனிலயே மறந்துட்டு மூடிட்டானுங்க. அதான் நெருப்புப் பொறி கெளம்பி எரிஞ்சுபோச்சு."

ஐந்து நாள் அலைக்கழித்தார்களே, பாவிகள்! மேனேஜருக்கும் வேறு வழி இல்லை. புது மோட்டார் தருவதாக ஒப்புக்கொண்டு, ஒரு படிவத்தை நீட்டினார். நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாவது கேள்வி: 'மோட்டார் பகுதியில் உரிமையாளர் ஏதேனும் செய்ததுண்டா?'

இல்லை என்று எழுதினால் இரண்டு எழுத்து... சரி, மூன்று எழுத்து. எழுதியிருக்கலாம். ஸ்பிரிங் இல்லாததை என் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. ஆனால் கேள்வி ஸ்பிரிங்கைப் பற்றி இல்லையே? நான் ஏதேனும் செய்தேனா என்றுதானே கேட்டிருக்கிறார்கள்? மேனேஜரிடம் இன்னொரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். பூஜை அன்று காலை எழுந்ததில் தொடங்கி, சுண்டைக்காய் அளவு வரை, இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல கையெழுத்தில் வேறு.

படிக்கப் படிக்க மேனேஜர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"மேடம், கண்டிஷன் ஏழு. வெளிப்பொருள் உள்ளே போனா வாரண்டி கிடையாது."

"ஆனா ஸ்பிரிங்..."

"சந்தனம் போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே மேடம்."

செல்வம் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "இந்தம்மா வண்டியை வெளியே தள்ளுங்கப்பா" என்றார் மேனேஜர்.

பிறந்ததிலிருந்து அன்றுவரை, இருபத்தெட்டு வருடமாக, நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அன்று என்ன வந்ததோ, கார் கேட்டுக்கு நடுவில் வந்தபோது ஓடிப்போய் உள்ளே ஏறி, கதவைச் சாத்தி, கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன்.

"ஸ்பிரிங் போடாம வித்தது யாரு? என் குழந்தை மூச்சு விட முடியாம கிடக்கா! மோட்டார் குடுக்காம ஒரு வண்டி உள்ளேயும் போகாது, வெளியேயும் போகாது!" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இங்கே நான் ஒரு கணக்கை மறந்துவிட்டேன். பேட்டரியும் இல்லை, மோட்டாரும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு ஃபைபர் கூடும் நானும்தான். மேனேஜர் விரலைச் சொடுக்கினார். நான்கு தொழிலாளிகள் வந்தார்கள். மூலைக்கு ஒருவராகக் குனிந்து, "ஏலோ" என்று ஒரு சத்தம், நான் மேலே போய்விட்டேன். ஹாரனை அடித்தேன். பேட்டரி இல்லாததால் அதுவும் அடிக்கவில்லை. பெங்களூர் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, எல்லா ஜன்னலிலும் தலைகளோடு ஊர்ந்து போனது. கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் என்னை இறக்கி வைத்தார்கள்.

ஏகாம்பரம் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

"அல்லாரையும் ஒரு நாளு நாலு பேரு தூக்கிகினுதான் போவாங்க. உசுரோட பாத்துகினு போனது நீ ஒருத்திதாம்மா."

நான் இறங்கவில்லை. இறங்கினால் அழுதுவிடுவேன் என்று பயம். அப்படியே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதுக் கார் வாங்கப் பதிவு செய்ய வந்த ஒருவர், "ஏம்மா, இதே காரா? இங்கே ஏன் உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? பூஜையிலிருந்து தொடங்கி, சந்தனம், ஸ்பிரிங், கண்டிஷன் ஏழு, தூக்கியது வரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கம்பெனியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார். அடுத்து ஒரு கணவன் மனைவி. அந்த அம்மா, "ஐயோ, நானும் மோட்டாருக்குத்தான் பொட்டு வைப்பேன்" என்று புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாவதாக வந்தவருக்கு நான் பாதி சொல்லும்போதே மேனேஜர் கேட்டிலிருந்து ஓடி வந்தார்.

"மேடம், நீங்க எழுதிக் குடுத்த பேப்பர் எங்கேயோ காணாமப் போச்சு. புது ஃபார்ம் இது. இந்தத் தடவை நானே நிரப்பிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

ஒன்பதாவது கேள்விக்கு நேராக 'இல்லை' என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

"ஆனா நான் போட்டேனே..."

"யம்மா!" ஏகாம்பரம் அலறினார். "உன் கால்ல உய்றேன், கையெய்த்தப் போடும்மா! மீனு நாறிப்போவும்!"

கவிதாவின் மூச்சை நினைத்துக்கொண்டு போட்டேன். மாலையில் புது மோட்டாரோடு, நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

தூக்கியதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த 'இல்லை'யை மன்னிக்க முடியவில்லை. தவறு அவர்களுடையது, பொய்யும் அவர்கள் எழுதியது, கீழே இருப்பதோ என் பெயர். உண்மைக்குக் கொடுக்காத மோட்டாரைப் பொய்க்குக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

கவிதாவின் மகளே இப்போது பள்ளிக்குப் போகிறாள். பாங்க், பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி, எந்தப் படிவம் வந்தாலும் என் கண்ணில் படாமல் அவளே நிரப்பி எடுத்துவந்து, "நீ கையெழுத்து மட்டும் போடும்மா" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு நீட்டுகிறாள். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.

"போச்சு" என்கிறார் என் கணவர். "சாப்பாட்டை மூடி வைங்க."