லொக்கேசன் போட்ட மாப்பிள்ளை

விமானங்களை நான்தான் ஓட்டுகிறேன் என்ற நினைப்பில் மூன்று வருடம் திரிந்தவன் நான். உண்மையில் ஓட்டியது விசைப்பலகையை.

கொழும்பில் ஒரு கம்பனி. விமானத்துக்கு வழிகாட்டும் கணினிக்குள் போகிற தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. வானத்தில் சந்தியும் இல்லை, பெட்டிக்கடையும் இல்லை. பெயர் வைத்த புள்ளிகள்தான் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை பாகை, இத்தனை நிமிடம் என்று ஓர் இருப்பிடம். இலக்கம் பிசகினால் விமானம் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. அதனால் ஒருவர் பதிவார், இன்னொருவர் பார்ப்பார். நான் அந்த இன்னொருவர். (அடுத்தவன் பிழையைப் பிடிப்பதற்குச் சம்பளம்! இதைவிடச் சுகமான உத்தியோகம் உண்டா?)

இப்படிப்பட்ட மேதைக்குக் கல்யாணம் வந்தது. இடம், கடலோரத்தில் எங்கள் ஊரான சல்லியின் முத்துமாரியம்மன் கோயில். பெண் துளசி, வவுனியாவில் கணித ரீச்சர். பெண் வீட்டார் விடியவே பஸ்ஸில் புறப்பட்டு வருவதாக ஏற்பாடு. வழி சொல்லும் பொறுப்பைச் சித்தப்பா எடுக்கப் பார்த்தார். அவர் சல்லியில் வள்ளம் வைத்திருப்பவர்.

"சாம்பல்தீவில வலப்பக்கம் திரும்பச் சொல்லு தம்பி. பிறகு கருவாடு மணக்கும். அந்த மணத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தா நேர கோயில்தான்."

"சித்தப்பா, மூக்கால பஸ் ஓட்டேலாது."

"அப்ப கோயில்ட பேரைப் போனில போட்டுத் தேடட்டும்."

"முத்துமாரி எத்தனை ஊரில இருக்கிறா தெரியுமோ? ஒரே பேரில ரெண்டு புள்ளி இருந்தா விமானமே குழம்பும். இது விஞ்ஞானம். விடுங்கோ."

விட்டார். நான் தொழில் பெருமையோடு கோயிலின் இருப்பிடத்தை எடுத்தேன். எட்டுப் பாகை முப்பத்தெட்டு நிமிடம் வடக்கு, எண்பத்தொரு பாகை பதின்மூன்று நிமிடம் கிழக்கு. 8.38, 81.13 என்று தட்டி, பெண் வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே ஒரு கட்டளையும்: "இதை மட்டும் பின்பற்றவும். வழியில் எவரையும் கேட்க வேண்டாம்."

கல்யாணம் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில். பத்து முப்பத்திரண்டுக்குள் தாலி ஏறவேண்டும். தவறினால் ஆவணி வரைக்கும் நாள் இல்லை என்று ஐயர் முதலே சொல்லியிருந்தார். எட்டரைக்கு வரவேண்டிய பஸ் ஒன்பதாகியும் வரவில்லை. நான் தலைப்பாகையோடு கோயில் வாசலுக்கும் றோட்டுக்கும் நடந்தேன். சித்தப்பா மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. துளசி.

"நாங்கள் வந்திட்டம். கோயில் எங்க?"

"வந்திட்டியளோ? நான் வாசலிலதான் நிக்கிறன். காணேல்லையே!"

"எனக்கும் உங்களைக் காணேல்லை."

"கடல் தெரியுதோ? வலப்பக்கம் பாருங்கோ."

"வலப்பக்கம் எருமை நிக்குது."

"இடப்பக்கம்?"

"அதின்ர குடும்பம்."

என் தலைப்பாகைக்குள் வியர்த்தது. "றைவர் எங்கயோ பிழையாத் திரும்பியிருக்கிறார்" என்றேன். (பிழை எப்போதும் பதிந்தவனிடம்தான் இருக்கும். இது தொழிலில் பழகிய பழக்கம்.)

"அந்த மனிசனைச் சொல்லாதேங்கோ. கந்தளாய்ப் பக்கம் திரும்பேக்க, வழியில ஆரையும் கேப்பமோ எண்டு கேட்டவர். மாப்பிள்ளை கேக்க வேண்டாமெண்டிட்டார் எண்டு அப்பாதான் மறிச்சவர்."

பிறகு, பரீட்சைத்தாள் திருத்துகிற குரலில் கேட்டாள்:

"உங்கட வேலையில பாகைக்குப் பிறகு வாறது நிமிசம் எண்டு எனக்கு ஒருநாள் வகுப்பெடுத்தனீங்கள். ஞாபகமிருக்கோ?"

"ஓம்..."

"முப்பத்தெட்டு நிமிசத்தை அறுபதால பிரிச்சனீங்களோ?"

அம்மாளாச்சி! பிரிக்கவில்லை. ஒரு பாகைக்கு அறுபது நிமிடம்; போனுக்கு வேண்டியதோ தசமம். முப்பத்தெட்டு நிமிடம் என்றால் 0.63. நான் புள்ளியை வைத்துவிட்டு நிமிடங்களை அப்படியே கொட்டியிருக்கிறேன். அலுவலகத்தில் இதே பிழையைப் பிடித்து எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருப்பேன்! கல்யாணத்துக்குப் பதிந்தவனும் நானே, பார்த்தவனும் நானே. பஸ் முப்பது கிலோமீற்றர் தள்ளி, கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயலுக்கு நடுவே நின்றது.

"எட்டு தசம் ஆறு மூண்டு, எண்பத்தொண்டு தசம் இரண்டு இரண்டு. சரியோ?" என்றாள் துளசி.

"சரி."

"நான் போடுறன். நீங்கள் போனைத் தொடாதேங்கோ."

அடுத்த ஒன்றேகால் மணித்தியாலம் ஐயர் மந்திரங்களை இழுத்து இழுத்துச் சொன்னார். அக்கினிகூட அலுத்துப்போய்ப் புகைந்தது. கெட்டிமேளக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். பத்து இருபத்தொன்றுக்கு வாசலில் ஹோர்ன் சத்தம்.

முதலில் குதித்தவர் றைவர். "அண்ணை, கடைசி ரெண்டு கட்டைத் தூரமும் என்ர போனில சிக்னல் இல்லை. கருவாட்டு மணத்திலதான் வந்தனான்!"

சித்தப்பா அவரைக் கட்டிப்பிடித்தார். என்னைப் பார்க்கவும் இல்லை. பத்து இருபத்தொன்பதுக்குத் தாலி கட்டினேன். மூன்றாவது முடிச்சை எங்கே போடுவது என்று தேடிக்கொண்டு நின்றேன்.

"இதுவாவது சரியான இடத்தில விழட்டும்" என்று துளசி குனிந்தபடி முணுமுணுத்தாள்.

பஸ்ஸில் வந்த படப்பிடிப்பாளர் சும்மா இருக்கவில்லை. சிக்னல் தேடி வரம்பில் ஏறி நின்ற துளசியைப் படம் எடுத்திருக்கிறார். பச்சை வயல், வெள்ளைக் கொக்கு, சிவப்புப் பட்டு, உயர்த்திய கையில் போன், பக்கத்தில் ஓர் எருமை. முகத்தில் அப்படி ஒரு தீ. கல்யாண அல்பத்தில் அதுதான் திறமான படம். பெரிதாக்கி விறாந்தையில் மாட்டியிருக்கிறோம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்: "எவ்வளவு வடிவான இடம்! ஆர் இந்த லொக்கேசன் போட்டது?"

துளசி தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைக் காட்டுவாள்.

"இவர்தான். விமானத்துக்கே போடுறவர்."